ராமசுவாமி ஒட்டிய சீட்டுகள்

ராமசுவாமியின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆறு யுஎஸ்பி துளைகள். இரண்டில் கீபோர்டும் மவுஸும். மற்ற நான்கின் மேலும் விரல் அகலத்தில் வெள்ளைத் தாள் சீட்டு ஒட்டியிருக்கும். கையெழுத்து சீட்டில் தொடங்கி சிபியுவின் தகரத்தில் முடியும். கீழே தேதி. சீட்டை எடுத்தால் கையெழுத்து இரண்டாகும். மறுபடி ஒட்டினால் கோடு கோட்டோடு சேராது.

முப்பத்தொரு வருடம் இதுதான் அவர் வேலை. பாதுகாப்புத் துறையைச் சேர்ந்த ஒரு நிறுவனத்தில் காவல் பிரிவு. எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேட்பவர்களிடம் சென்ட்ரல் கவர்மெண்ட் என்பார். ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆகிறது. இன்னும் அதற்கு மேல் சொல்வதில்லை.

கரூரிலிருந்து இருபத்தொன்பது வயதில் வந்தவர். செகந்திராபாத்தின் திருமுல்கேரிப் பகுதியில் பழைய காலனி ஒன்றில் வீடு. கேஸ் சிலிண்டர் வந்தால் சீலைப் பார்ப்பார், எடை போடச் சொல்வார். தண்ணீர் லாரியின் எண்ணைக் குறித்துக்கொள்வார். ஆட்டோவில் ஏறுமுன் பின்பக்கம் போய் நம்பரைப் படிப்பார். ஓட்டுநர் கிளம்பிப் போய்விட்டதும் உண்டு.

"எமன் வந்தாலும் இவரு ஐடி கார்டு கேப்பாரு" என்பாள் ஜலஜா. "அவன் தேடி எடுக்கறதுக்குள்ள நாலு வருசம் ஓடிப்போயிரும்."

கம்ப்யூட்டர் மேஜையில் ஒரு நீளநோட்டு உண்டு. யார் உட்கார்ந்தது, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எதற்காக. வீட்டில் மூன்று பேர்தான். மூன்று பேரும் எழுத வேண்டும்.

அந்தக் கம்ப்யூட்டரை அதிகம் தொடுபவள் ஜலஜா. பத்தொன்பது வருடமாக அவள் ஜாதகம் சேர்க்கிறாள். செகந்திராபாத், லாலாகுடா, மல்காஜ்கிரி, இப்போது ஐடி வேலைக்கு வந்து குடியேறியவர்கள் என்று தமிழ்க் குடும்பங்கள் அவளிடம் வரும். பையனுக்குப் பெண், பெண்ணுக்குப் பையன். காசு வாங்குவதில்லை. ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்குவாள். ஆயிரத்து இருநூற்று அறுபது ஜாதகங்கள். பெயர், நட்சத்திரம், ஊர், வேலை, கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம். குறிப்பில் என்ன இருக்கிறது என்பது அவளுக்கு மட்டும் தெரியும். எழுபத்துநான்கு கல்யாணம் அந்தப் பட்டியலிலிருந்து நடந்திருக்கிறது.

ஜாதகத் தாளை ஸ்கேன் செய்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது ராமசுவாமியின் விதி. வெளியார் காகிதம் வீட்டில் தங்கக் கூடாது. ஆகவே எல்லாம் அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் இருந்தது. வேறெங்கும் இல்லை.

மூன்றாவது ஆள் மருமகள் ஸ்ரேயா. மகன் கௌஷிக் ஆறு மாத வேலையாக சிங்கப்பூர் போயிருந்தான். ஸ்ரேயா லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஆமாம் என்பதற்கு ஹவ். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. அவளுக்குத் தனி லேப்டாப் உண்டு. நீளநோட்டில் அவள் பெயர் ஒரு தடவைகூட இல்லை. அது ராமசுவாமிக்கு முதலில் நிம்மதியாக இருந்தது.

ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஜலஜா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். நாலு மணிக்கு மல்காஜ்கிரியிலிருந்து ஒரு குடும்பம் வருவதாக இருந்தது. பெண்ணுக்கு முப்பத்திரண்டு வயது. மூன்று பையன்களை எடுத்து வைக்கலாம் என்று நினைத்திருந்தாள்.

"ஏனுங்க, இங்க வாங்க. என்னமோ கறுப்பா வந்திருக்குது."

திரை முழுக்கக் கறுப்பு. நடுவில் சிவப்பு எழுத்தில் ஆங்கிலம். உங்கள் கோப்புகள் பூட்டப்பட்டன. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் பணம் அனுப்பினால் சாவி கிடைக்கும். போலீசுக்குப் போனால் கிடைக்காது. கீழே ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

ஜலஜா ஜாதக ஃபோல்டரைத் திறந்தாள். பெயர்கள் இருந்தன. ஒவ்வொரு பெயரின் வாலிலும் முன்பு இல்லாத ஐந்தாறு எழுத்து. எதை அமுக்கினாலும் திறக்கவில்லை.

ஸ்ரேயா தன் அறையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். ஒரு நொடிதான்.

"மாமா, நெட் வயரைப் பிடுங்குங்க. இப்பவே."

"எதுக்கு?"

"ரான்சம்வேர். பிடுங்குங்க மாமா, அப்புறம் சொல்றேன்."

அவர் அசைவதற்குள் அவளே குனிந்து வயரைப் பிடுங்கினாள். ஹாலுக்கு ஓடி மோடத்தையும் அணைத்தாள். திரும்பி வந்து திரையைத் தன் போனில் படம் எடுத்தாள். பூட்டிய கோப்புகளின் வரிசையையும் எடுத்தாள்.

"யாரும் எதையும் தொடாதீங்க. அதுல இருக்கற லிங்க்கை அமுக்கவே நக்கோ."

"பணம் கட்டினா தொறந்துருமா கண்ணு?" என்றாள் ஜலஜா.

"கட்டினவங்களுக்கும் நிறையப் பேருக்குத் தொறக்கல அத்தை. திருப்பி இன்னும் கேக்கறாங்க."

"திருடன்கிட்டப் போய் சாவி கேக்கறதாம்" என்றார் ராமசுவாமி.

அவர் ஸ்ரேயாவையே பார்த்துக்கொண்டிருந்தார். இவளுக்கு எப்படி ஒரே நொடியில் தெரிந்தது? எந்த வயரைப் பிடுங்க வேண்டும் என்று எப்படித் தெரிந்தது? எதற்குப் படம்?

அவள் தன் லேப்டாப்பைப் போனின் நெட்டில் இணைத்து உட்கார்ந்தாள். இந்தப் பூட்டு எந்த வகை என்று சொல்லும் ஓர் இணையதளம் இருந்தது. மிரட்டல் கடிதத்தில் இருந்த வரிகளை அதில் கொடுத்தாள். பதில் உடனே வந்தது. தெரிந்த வகைதான். இன்றைக்கு இதற்கு இலவசச் சாவி கிடையாது.

ஜலஜா எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம் வெகுநேரம் கேட்கவில்லை.

ராமசுவாமி டார்ச்சை எடுத்துக்கொண்டு மேஜைக்குக் கீழே மண்டியிட்டார். முன்பக்கத் துளைகள் இரண்டும் சரி. பின்பக்கத்தில் மேல் துளை சரி. கீழ்த் துளையில் சீட்டு இருந்தது. கையெழுத்து தகரத்துக்கு வரும் இடத்தில் கோடு ஒரு மயிரிழை விலகியிருந்தது. விரலால் தடவினார். மேலே செலோடேப். பிளேடால் நறுக்கி, எதையோ சொருகி, எடுத்து, திரும்ப ஒட்டியிருக்கிறார்கள்.

அவர் எழுந்தார். நீளநோட்டைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் எல்லாம் அவருடைய கையெழுத்தும் ஜலஜாவுடையதும்தான். செவ்வாய், ஜலஜா, இரண்டு ஜாதகம் ஏற்றியது. புதன், ஜலஜா. இன்று காலை அவரே, மருத்துவமனைப் பட்டியல். ஸ்ரேயா என்று எங்கும் இல்லை. எழுதாமல் உட்கார்ந்தவர் யாரோ, அவர்தான் டேப் ஒட்டியவர்.

அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெள்ளைத் தாளில் மேலே சம்பவ அறிக்கை என்று எழுதிக் கோடு போட்டார். நாள், நேரம், இடம். கண்டுபிடித்தவர். முத்திரையின் நிலை. சந்தேகத்துக்கு உரியவர் என்ற இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஸ்ரேயா என்று எழுதினார். முப்பத்தொரு வருடத்தில் எத்தனையோ பெயர்களை அந்த இடத்தில் எழுதியிருக்கிறார். ஒருமுறை சாப்பாட்டு டப்பாவுக்குள் கேமரா போன் கொண்டுவந்த ஒருவனுடைய பெயர். மகளின் சீமந்தப் படத்தை நண்பர்களிடம் காட்டத்தான் கொண்டுவந்தேன் என்று அழுதான். அது உண்மைதான் என்று பிறகு தெரிந்தது. பெயர் எழுதியது எழுதியதுதான்.

பதினொன்றரைக்கு ஸ்ரேயா லேப்டாப் பையை முதுகில் போட்டுச் செருப்பை மாட்டினாள்.

"லாலாகுடா வரைக்கும் போய்ட்டு வந்துடறேன் மாமா."

"இன்னைக்கு வீட்லதானே வேலை?"

"லீவு போட்டுட்டேன்."

"அம்மா வீட்டுல என்ன?"

"ஒரு வேலை. வந்து சொல்றேன்."

அவர் கேட் வரைக்கும் போனார். ஆட்டோ திரும்பும்போது நம்பரைப் பார்த்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். உள்ளே வந்தபோது ஜலஜா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"மல்காஜ்கிரிக்காரங்களை வர வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்றாள். "அந்தப் புள்ளையோட அம்மா கேக்கறா, ஏங்க, எங்க ஜாதகத்துல ஏதாச்சும் தோசமா, அதனாலதான் வேண்டாங்கறீங்களான்னு. என்னத்தைச் சொல்றது? பத்தொன்பது வருசம். ஒரு ராத்திரிகூட இல்லீங்க, ஒரு காலைல போயிருச்சு."

"யாரு பண்ணினதுன்னு கண்டுபிடிக்கலாம்."

"கண்டுபிடிச்சா திரும்பி வந்துருமா?"

அவர் பின்பக்கத்துச் சீட்டைப் பற்றிச் சொன்னார். ஜலஜா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நம்ம வீட்டுப் புள்ளையவா சொல்றீங்க?"

"சீட்டு சொல்லுது."

"சீட்டு பேசுமாக்கும். மொதல்ல வாட்ச்மேனு, அப்புறம் கேபிள்காரன், இப்ப மருமக. அடுத்தது நானு. எம்பேரையும் எழுதி வெச்சுக்குங்க, எடம் விட்டு."

ஒன்றே முக்காலுக்கு ஆட்டோ வந்து நின்றது. ராமசுவாமி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஸ்ரேயாவின் தோளில் துணிப்பை. போகும்போது இல்லாத பை. அவர் எழுந்து வழியில் நின்றார். நிற்கும் விதம் மாறியிருந்தது. கால்கள் கொஞ்சம் அகலமாக, கை பின்னால்.

"பையைக் காட்டும்மா."

"என்ன மாமா?"

"பையைக் காட்டு. பாத்துட்டு அனுப்பறேன்."

எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் நின்று பார்த்தாள். ஸ்ரேயாவின் முகம் சிவந்தது. பையைத் தோளிலிருந்து கழற்றி அவர் முன் நீட்டினாள். உள்ளே ஒரு டப்பாவில் புளியோதரை. அதற்குக் கீழே பழைய துப்பட்டாவில் சுற்றிய சிறிய கறுப்புப் பெட்டி. ஹார்ட் டிஸ்க்.

"பின்பக்கத் துளைல சொருகினது இதுதானா?"

அவள் எதிர்வீட்டு மாடியை ஒரு தடவை பார்த்தாள்.

"ஹவ் மாமா. இதுதான்."

"எப்ப?"

"அஞ்சு வாரம் முன்னாடி. நீங்க பென்ஷனர் மீட்டிங் போன அன்னைக்கு. அத்தை மார்க்கெட் போயிருந்தாங்க."

"எதுக்கு எடுத்த? யாருக்குக் குடுத்த?"

"நான் எதுக்குக் குடுக்கணும்? காப்பி எடுத்தேன் மாமா. ஜாதகம் மொத்தமும். ஒரு மெஷின்ல மட்டும் இருக்கே, அது போனா அத்தை என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தூக்கம் வரல. உங்ககிட்டக் கேட்டேன். ஞாபகம் இருக்கா? தீபாவளி அன்னைக்கு. வெளி டிஸ்க் எதுவும் உள்ள வரக்கூடாதுன்னீங்க."

அவருக்கு ஞாபகம் இருந்தது.

"எடுத்து எங்கம்மா வீட்டு பீரோவுல வெச்சேன். வீட்டுக்குள்ளயே வெச்சா, வீட்டுக்கு ஒண்ணு ஆனா ரெண்டும் சேர்ந்து போகும். எங்க ஆபீஸ்லயும் அப்படித்தான்."

"காலைலயே சொல்றதுக்கென்ன?"

"டிஸ்க் ஓப்பன் ஆகுமான்னே தெரியாது. எங்க அண்ணனோட பழைய டிஸ்க். இருக்குன்னு அத்தைகிட்டச் சொல்லிட்டு, அது காலியா இருந்தா? அங்கயே என் லேப்டாப்புல போட்டுப் பாத்துட்டு வரலாம்னு போனேன்."

அவள் பையை அவர் கையிலிருந்து வாங்கவில்லை. அவரைத் தாண்டி உள்ளே பார்த்தாள். கதவருகே ஜலஜா நின்றிருந்தாள்.

"ஓப்பன் ஆகுது அத்தை. இருக்கு."

ஜலஜா வெளியே வந்து ராமசுவாமியின் கையிலிருந்து பையைப் பிடுங்கினாள். ஸ்ரேயாவை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். வாசலில் அவர் மட்டும் நின்றார். எதிர்வீட்டுப் பெண் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் விடுவதாக இல்லை. காப்பி எடுத்தது அவள் என்றால் நோயைக் கொண்டுவந்தது யார்? அந்த டிஸ்க்கிலிருந்தே வந்திருக்கலாமே? உள்ளே வந்ததும் கேட்டார். ஸ்ரேயா கோபப்படவில்லை. அதுதான் அவருக்குச் சங்கடமாக இருந்தது.

"அஞ்சு வாரம் ஒளிஞ்சிருந்து இன்னைக்கு வந்துச்சாக்கும்? சரி, பாக்கலாம். நோட்டைக் கொண்டாங்க."

காலையில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். பூட்டிய ஒவ்வொரு கோப்புக்கும் நேரம் இருந்தது. முதல் கோப்பு காலை எட்டு மணி பத்தொன்பது நிமிடம். கடைசி ஒன்பது இருபது. பிறகு நீளநோட்டில் இன்றைய வரியில் விரலை வைத்தாள். அவருடைய கையெழுத்து, அழுத்தமாக, தெளிவாக. 8.10 முதல் 8.25 வரை. மருத்துவமனைப் பட்டியல். திறக்கவில்லை. தண்ணீர் லாரி வந்ததால் எழுந்தேன்.

"என்ன பட்டியல் மாமா?"

"நம்ம ஹெல்த் கார்டை எந்தெந்த ஆஸ்பத்திரில எடுத்துக்கறாங்கன்னு. எக்செல். பட்டனை அமுக்கினா ஏரியா வாரியா வரும்னாங்க. பென்ஷனர் குரூப்புல வந்துச்சு."

"மேல மஞ்சளா ஒரு பட்டி வந்துச்சா? எனேபிள்னு?"

"வந்துச்சு."

"அமுக்கினீங்களா?"

"அருணாசலம் சார் அனுப்பினது அது."

"அமுக்கினீங்களா மாமா?"

ராமசுவாமி மேஜையின் விளிம்பைப் பார்த்தார். அருணாசலம் அவருடைய பிரிவுத் தலைவர். அலுவலகத்தில் சீட்டுக்கு எப்போதும் இரண்டு கையெழுத்து. முதலில் ராமசுவாமி, பிறகு அருணாசலம். முப்பத்தொரு வருடத்தில் பத்தொன்பது வருடம் அந்த இரண்டாவது கையெழுத்து வந்த பிறகுதான் அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கிறார். வீட்டில் ஒட்டிய சீட்டுகளில் ஒரே கையெழுத்து. சந்தேகப்பட வேண்டியவர்கள் என்று அவர் மனதில் ஒரு வரிசை இருந்தது. அதில் அருணாசலம் இல்லை. ராமசுவாமியும் இல்லை.

"அமுக்கினேன்" என்றார்.

"அந்தப் பட்டனுக்குள்ளதான் அது ஒளிஞ்சிருந்துச்சு மாமா" என்றாள் ஸ்ரேயா.

ஜலஜா சிரித்துவிட்டாள். சிரிப்பை அடக்க முந்தானையை எடுத்தாள். அடங்கவில்லை. "நாலு துளையையும் அடைச்சுப்போட்டு, வாசக்கதவைத் தொறந்து வாங்கன்னு கூப்பிட்டிருக்கீங்க."

அருணாசலத்துக்குப் போன் செய்வதுதான் கடினமாக இருந்தது. இரண்டு முறை எண்ணைப் போட்டு வைத்துவிட்டார். மூன்றாவது முறை அவர் எடுத்தார்.

"என்ன ராமசுவாமி, நான் அனுப்பினதுல தப்பா? எனக்கும் யாரோ அனுப்பினதுதான்யா. என் போன்ல ஒண்ணும் ஆகலையே."

"போன்ல ஆகாது சார். கம்ப்யூட்டர்ல திறந்தா ஆகுது. குரூப்புலருந்து எடுத்துருங்க. யாரும் திறக்க வேண்டாம்னு எழுதிருங்க."

"உம்ம வீட்ல வேற யாரு அதைத் தொடறா? மருமக கம்ப்யூட்டர் வேலைதானே? இந்தக் காலத்துப் பிள்ளைங்க கண்டதையும் சொருகுவாங்க. விசாரிச்சீரா?"

ராமசுவாமி ஹாலைப் பார்த்தார். ஸ்ரேயாவும் ஜலஜாவும் புளியோதரை டப்பாவைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள்.

"விசாரிச்சுட்டேன் சார். ஆள் நான்தான்."

அதற்குள் குரூப்பில் இன்னும் இரண்டு பேர், தங்கள் கம்ப்யூட்டரிலும் கறுப்புத் திரை என்று எழுதியிருந்தார்கள்.

அடுத்த இரண்டு நாள் ஸ்ரேயா அந்த மேஜையில் வேலை செய்தாள். சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைத்து, புகாரைப் பதிந்து, எண் வாங்கினாள். பூட்டிய கோப்புகளை வேறொரு பழைய டிஸ்க்கில் தனியாக எடுத்து வைத்தாள். என்றைக்காவது சாவி வெளிவரலாம். பிறகு கம்ப்யூட்டரை முழுக்க அழித்தாள். பழைய விண்டோஸுக்குப் புதுப்பிப்புகள் நின்றுபோயிருந்தன. புதியதைப் போட்டாள். ராமசுவாமி, ஜலஜா இருவருடைய பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளைத் தன் லேப்டாப்பிலிருந்து மாற்றினாள். தினசரி வேலைக்கு எதையும் நிறுவ முடியாத ஒரு கணக்கைத் திறந்து அதற்கு ஜலஜா என்று பெயர் வைத்தாள். ராமசுவாமிக்கும் அதே மாதிரி ஒன்று. கடைசியாகக் கறுப்புப் பெட்டியைச் சோதித்துவிட்டு ஜாதகங்களை ஏற்றினாள். ஒவ்வொரு தடவை உட்காரும்போதும் நீளநோட்டில் எழுதினாள். ஸ்ரேயா, 10.05 முதல் 1.40 வரை. அவர் கேட்கவில்லை.

ஆயிரத்து இருநூற்று இருபத்தொன்பது திரும்பி வந்தன. கடைசி ஐந்து வாரத்தில் ஏற்றிய முப்பத்தொன்று இல்லை.

சனிக்கிழமை மாலை நீளநோட்டை எடுக்கும்போது அதற்குள்ளிருந்து ஒரு தாள் விழுந்தது. ஸ்ரேயா எடுத்துப் படித்தாள். ராமசுவாமி எதிரில் இருந்தார்.

"என் பேரை அழகா எழுதியிருக்கீங்க மாமா."

அவர் தாளை வாங்கிக் கிழிக்கப் போனார்.

"கிழிக்காதீங்க. அடிச்சுட்டு எழுதுங்க. உங்க ஆபீஸ்ல அப்படித்தானே?"

அப்படித்தான். அவர் அந்தப் பெயரின் குறுக்கே ஒரே கோடு போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டார். மேலே தன் பெயரை எழுதினார். அவள் அது முடியும் வரை நின்று பார்த்தாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை.

புதிய காப்பி எடுத்த டிஸ்க் லாலாகுடாவுக்குத் திரும்பிப் போக வேண்டும். மாதம் ஒருமுறை வரும், ஏற்றும், கழற்றும், போகும் என்று பேச்சு. ராமசுவாமி அதை ஓர் உறையில் போட்டு வாயை ஒட்டினார். சீட்டு வைத்துக் கையெழுத்திட்டார். பேனாவை மூடாமல் ஸ்ரேயாவிடம் நீட்டினார்.

"ரெண்டாவது கையெழுத்து."

அவள் போட்டாள். பாதி சீட்டில், பாதி உறையில்.

ஞாயிறு காலை அவர் போனுடன் உட்கார்ந்தார். முப்பத்தொரு குடும்பம். ஜலஜாவின் போனிலிருந்து எண்களை எடுத்துத் தாளில் வரிசையாக எழுதியிருந்தார். திறந்தவர்தான் கேட்டு வாங்க வேண்டும் என்று ஜலஜா சொல்லிவிட்டாள். முதல் எண் அமீர்பேட்டில் ஒரு ஹாஸ்டல் வார்டனுடையது.

"வணக்கம்மா. நான் ஜலஜா வீட்டுக்காரர் பேசறேன். திருமுல்கேரிலருந்து. உங்க பொண்ணு ஜாதகம் மறுபடி ஒருக்கா வேணும். பிறந்த தேதி, நேரம்..."

"எந்த ஜலஜா? நீங்க யாரு?"

"ஜாதகம் பாக்கறாங்களே, அவங்க..."

"அதான் அன்னைக்கே குடுத்தாச்சே. இப்ப எதுக்குப் போன்ல பிறந்த தேதி கேக்கறீங்க? ஆதாரும் கேப்பீங்களா? ஓடிபி வேணுமா? தினம் பத்துப் பேரு இப்படித்தான் கிளம்பி வர்றீங்க. 1930க்குச் சொல்லிடுவேன், வையி போனை."

இணைப்பு போய்விட்டது. ஸ்ரேயா வாயைப் பொத்திக்கொண்டு அறைக்குள் போனாள். ராமசுவாமி போனைக் கீழே வைத்தார். முகத்தில் கோபமில்லை. நீளநோட்டை இழுத்துத் திறந்து எழுதினார்.

10.15. வார்டன், அமீர்பேட். தர மறுத்தார். சரி.

அடுத்த எண்ணை அமுக்கினார்.